மைக்ராஸ்கோப்பைத் தொடாத பதினோரு பேர்

5-1-1981, திங்கள்

நல்ல மூடுபனி. ரயில்வே கேட் பக்கம் எதிரில் வந்த சைக்கிள்கூடத் தெரியவில்லை. சிமெண்ட் ஆலைத் தூசியும் சேர்ந்துகொண்டு ஒரே இருமல்.

செய்ய வேண்டியவை: சாஃப்ரனின் சாயம் புதிதாகக் கரைக்க. கிளிசரின் தீர்ந்தது, து.த.விடம் கேட்க (துறைத் தலைவர். முழுதாக எழுதினால் கை வலிக்கிறது). பிளேடு இரண்டு பாக்கெட். நீலப் புடவைக்கு ஃபால்ஸ்.

மூன்றாம் ஆண்டு தாவரவியலுக்கு இன்று மாதிரிச் செய்முறைத் தேர்வு. ஒரு தண்டைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி (இதுதான் செக்‌ஷன்), சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைய வேண்டும். அவ்வளவுதான். க. பழனியம்மாள் வரைந்து கொடுத்தது: தாள் நடுவில் ஒரு வட்டம், தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் கோடு இழுத்து அழகான கையெழுத்தில் ‘செல்’.

அது செல் இல்லை. காற்றுக்குமிழ். ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் சிலிப்பைத் தொப்பென்று போட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்று. முதல் வருடம் முதல் வாரத்தில் எல்லோரும் ஏமாறுவது, இரண்டாம் வாரத்தில் யாரும் ஏமாறாதது. இவள் மூன்றாம் வருடம். இவளுடைய ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு படமும் அச்சடித்த மாதிரி இருக்கும். நானே பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன், மூன்று வருடமாக.

ஆசிரியர் அறையில் அந்தத் தாளைக் காட்டிச் சிரித்தேன். து.த.வும் சிரித்தார். “ரெக்கார்டு பூரா காப்பிம்மா. இதுங்களுக்கு எதுக்கு சயன்ஸு.” அதற்கும் சிரித்து வைத்தேன்.

6-1, செவ்வாய்

பழனியம்மாளைக் கூப்பிட்டுத் திட்டத்தான் போனேன். ரஞ்சன்குடி கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி அவள் ஊர். இரண்டு பஸ் மாறி வருகிறாள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. அவர்கள் தெருவில் காலேஜ் படிக்கிற முதல் ஆள்.

“இது என்னன்னு தெரியுதா?”

“செல்லு மேடம்.”

“மூணு வருஷமா மைக்ராஸ்கோப்ல பாத்தது இப்படியா இருந்துச்சு?”

தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் விடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“பாத்திருக்கேன் மேடம். தொட்டதில்ல.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் விளக்கினாள். பெரம்பலூர் பஸ் வந்து சேர பத்தேகால், பத்தரை. லேப் பத்து மணிக்கே ஆரம்பம். முதலில் வருகிறவர்கள் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இவர்கள் வரும்போது அவர்கள் செக்‌ஷன் வெட்டி, ஃபோகஸும் செய்து முடித்திருப்பார்கள். “தொடாத, ஃபோகஸ் போயிடும்” என்பார்கள். இவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்துகொள்வார்கள்.

“நீயா கேட்டு வாங்கிப் பாத்திருக்கலாம்ல?”

“லென்ஸு ஒடஞ்சா நோ ட்யூ குடுக்கமாட்டாங்கல்ல மேடம். நோ ட்யூ இல்லன்னா ஹால் டிக்கெட் இல்ல. எங்க வூட்ல அதுக்கு என்ன பண்ணுவாங்க?”

அது து.த. வைத்த விதி. லேபில் எதை உடைத்தாலும் ஈடு செய்யும்வரை பாக்கி இல்லை என்ற கையெழுத்து கிடையாது. சுவரில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்தில்.

7-1, புதன்

வகுப்பில் நேரடியாகக் கேட்டேன்: மைக்ராஸ்கோப்பின் திருகைத் தன் கையால் திருப்பியவர்கள் கை தூக்குங்கள். முப்பத்திரண்டு பேரில் பதினோரு கை எழவில்லை. எல்லாம் பஸ்ஸில் வருகிற கை. காதர் மட்டும் பாதி தூக்கிவிட்டு இறக்கினான். பெரம்பலூரில் அவன் அத்தாவுக்குத் தையல் கடை. “ஒரு தடவ தொட்டேன் மேடம், திருப்பல,” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸை மட்டும் குறை சொல்லவும் முடியாது. போன மாதம் ஒரு நாள் பஸ் சீக்கிரம் வந்தது, நினைவிருக்கிறது. அன்றும் இவர்கள் பின்னால்தான் நின்றார்கள். பின்னால் நில் என்று யாரும் சொல்லவில்லை. முன்னால் வா என்று நானும் சொல்லவில்லை.

என் கதையையும் எழுதிவிடுகிறேன். என் அப்பா ரயில்வே கலாசி, பெரிய வசதி இல்லை. ஆனால் வீடு காலேஜுக்குப் பக்கம், பெயரோ அகரத்தில் ஆரம்பம். வருகைப் பதிவேட்டில் முதல் ஆள். ஆகவே மைக்ராஸ்கோப்பிலும் முதல் ஆள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். பெயர் பழனியம்மாள் என்று இருந்திருந்தால்?

மார்ச்சில் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு. அதில் தவறினால் பட்டம் இல்லை. மறுபடி எழுதலாம், ஆனால் பழனியம்மாள் சொல்லிவிட்டாள்: “இந்த வாட்டி விட்டா அம்புட்டுத்தான் மேடம். மாமா வூட்ல கேட்டுட்டு இருக்காங்க.” கல்யாணப் பேச்சு. கையில் இருப்பது பத்து வாரம்.

பால்காரர் இன்றும் தண்ணீர்தான் ஊற்றினார்.

9-1, வெள்ளி

து.த.விடம் போனேன். இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, எட்டு மைக்ராஸ்கோப்பில் நான்கை பஸ் வரும்வரை யாரும் தொடக்கூடாது. இரண்டு, சுவரில் இருக்கும் அந்த விதி போக வேண்டும்.

“லென்ஸ் போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

“வாயால சொன்னா ஆச்சா? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல எழுதிக் குடு.”

என்னைப் பயமுறுத்தத்தான் சொன்னார். நான் அங்கேயே பேனாவைத் திறந்து எழுதிவிட்டேன். ‘எட்டு மைக்ராஸ்கோப்புக்கும் முழுப் பொறுப்பு டெமான்ஸ்ட்ரேட்டர்.’ டெமான்ஸ்ட்ரேட்டர் நான்தான். கையெழுத்து, தேதி. அவர் முகம் போன போக்கை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது.

விதியை நானே கிழித்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் பாதிதான் வந்தது. அட்டெண்டர் கலியண்ணன் ஈரத்துணி வைத்து மீதியை எடுத்தார். “ஏம்மா ஒங்களுக்கு இந்த வேல,” என்றார். எடுத்து முடித்த பிறகுதான் கேட்டார்.

19-1, திங்கள்

பொங்கல் முடிந்து முதல் லேப். பனி குறைந்துவிட்டது.

முதல் வருடப் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன்: வெங்காயத் தோல். டவுன் பிள்ளைகளுக்குக் கோபம். ஸ்டேஷன் மாஸ்டர் மகன் ரவிச்சந்திரன் எழுந்தே நின்றான்.

“தேர்வுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் மேடம் இருக்கு. இவங்களுக்காக நாங்களும் வெங்காயம் உரிக்கணுமா?”

“ஆமா, உரி.”

கண்ணீர் வந்தால் துடைத்துக்கொள் என்றும் சொன்னேன். அவனும் சிரித்துவிட்டான். நல்ல பையன்தான், முன்னால் உட்கார்ந்தே பழகிவிட்டான்.

இன்று எல்லோருக்கும் ஒரே வேலை. முதலில் வேண்டுமென்றே காற்றுக்குமிழ் வரவழைத்து, அதை வரைந்து, ‘காற்றுக்குமிழ்’ என்று பெயர் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் செல். ரவிச்சந்திரனுக்குக் குமிழ் வரவே இல்லை, அவ்வளவு பழக்கம். பழனியம்மாளிடம் கேட்டு வாங்கிப் பார்த்து வரைந்தான். அவள் “தொடாத, ஃபோகஸ் போயிடும்,” என்றாள். மூன்று வருடத்தில் அவள் குரல் லேபில் இவ்வளவு சத்தமாகக் கேட்டது இன்றுதான்.

பிறகு வெங்காயத் தோலை வைத்து அவளே திருகைத் திருப்பினாள். பெரிய திருகு, அப்புறம் சின்னத் திருகு. இரண்டு நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. “என்ன தெரியுது?” என்றேன்.

“செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா இருக்கு மேடம். எம்புட்டு வருசமா இத அரிஞ்சிட்டிருக்கோம், உள்ள இப்படி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல.”

அவர்கள் பக்கம் சின்ன வெங்காயம்தான் பெரிய வெள்ளாமை. பிடுங்கிப் போட்ட வெங்காயத்தில் தாளையும் வேரையும் அரிந்து எடுக்கிற கூலி வேலைக்கு எட்டு வயதிலிருந்து போகிறாளாம். லீவு நாளில் இப்போதும்.

4-2, புதன்

அவமானம். எழுதித்தான் ஆக வேண்டும்.

அதிகத் திறனுள்ள லென்ஸை எப்படிப் பயப்படாமல் பயன்படுத்துவது என்று பதினோரு பேரையும் சுற்றி நிற்க வைத்துப் பெரிதாக விளக்கம். அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே திருகைத் திருப்பினேன். கீழே பார்க்கவில்லை. டக். லென்ஸ் இறங்கி ஸ்லைடை இரண்டாக்கிவிட்டது.

லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை. உயிர் வந்தது. கலியண்ணன் உடைசல் பதிவேட்டைக் கொண்டுவந்து பவ்வியமாக நீட்டினார். ‘ஸ்லைடு ஒன்று, டெமான்ஸ்ட்ரேட்டர்’ என்று எழுதினேன்.

“மேடத்துக்கு நோ ட்யூ கெடைக்குமாண்ணே?” பின்னாலிருந்து காதர், கலியண்ணனிடம்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனித்தேன். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை, அவரவர் பாட்டுக்கு லென்ஸை மாற்றித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மாதமாகத் தைரியம் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். உடைந்த ஸ்லைடு ஒரே நாளில் சாதித்துவிட்டது.

ஃபால்ஸ் இன்னும் தைக்கவில்லை.

18-2, புதன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மதியம் லேபில் தகரக் கூரைச் சூடு.

செக்‌ஷன் வெட்டும் நாள். தண்டை இடது கை விரல்களுக்கு நடுவே பிடித்து, பிளேடால் ஒரே இழுப்பில் சீவ வேண்டும். கண்ணாடித் தாள் மாதிரி வந்தால்தான் உள்ளே செல் தெரியும். தடித்தால் ஒரே இருட்டு. எனக்கு இது கைவர எம்.எஸ்ஸி. வரை ஆனது, இப்போதும் பத்துக்கு மூன்றுதான் தேறும்.

பழனியம்மாள் வெட்டியதைப் பார்த்தேன். வாட்ச் கிளாஸ் என்கிற குழிக் கண்ணாடித் தட்டின் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு செக்‌ஷன் மிதக்கிறது. மிதக்கிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது, அவ்வளவு மெல்லிசு. பிரஷ்ஷால் ஒன்றைத் தொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். இந்த லேபில் ஆறு வருடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நான் வெட்டியதும் இல்லை. சொல்லிவிட்டேன், வகுப்புக்கே கேட்கும்படி.

அவளுக்கு வெட்கம். “இதுல என்ன மேடம் இருக்கு. வெங்காயம் அரிஞ்ச கைதான.”

அதற்குப் பிறகு அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம். டவுன் பிள்ளைகள் தண்டோடு நிற்கிறார்கள், வெட்டிக் கொடு என்று. கொடுக்கவில்லை அவள். “வெரல மடக்காத. பிளேட அழுத்தாத, இழு. நீயே வெட்டு,” என்று ரவிச்சந்திரனை உட்கார வைத்துவிட்டாள். அவன் மூன்று தரம் விரலைக் கிழித்துக்கொண்டான். பதிலுக்கு அவளுடைய ஸ்லைடில் எந்தத் திசு எது என்று அடையாளம் சொல்லிக் கொடுத்தான், அதில் அவன் கெட்டி. இதில் என் ஏற்பாடு எதுவும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

து.த. எதற்கோ உள்ளே வந்தார். அவள் ஸ்லைடைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “யாரு வெட்டுனது?” என்றார். சொன்னேன். “ம்,” என்றுவிட்டுப் போய்விட்டார். அந்த ‘ம்’ எனக்குப் போதும்.

20-3, வெள்ளி

தேர்வாளர் பெயர் வந்துவிட்டது. வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியர், கறாரானவர் என்று பேச்சு. திங்கள் முதல் பேட்ச். பழனியம்மாள் அதில்.

கலியண்ணன் சொந்த ஊர் கீழப்பழுவூருக்குப் போய்க் கோயில் மதில் ஓரத்திலிருந்து தேர்வுக்கு வேண்டிய செடிகளைக் கொண்டுவந்தார். நான்கு வகைத் தண்டு. எதை வைப்பது என்று தேர்வாளர் அன்று காலையில்தான் சொல்வார். விலங்கியல் துறையிலிருந்து எட்டு மைக்ராஸ்கோப் கடன். துடைத்து வைத்தாயிற்று.

இன்னொரு காரியம். தேர்வு நாளில் கலியண்ணன் சட்டைப்பையில் முன்கூட்டியே வெட்டி வைத்த நல்ல ஸ்லைடு நாலைந்து இருக்கும். தடுமாறுகிற பிள்ளைக்கு, தண்ணீர் வைக்கிற சாக்கில் மேசையில் வைத்துவிடுவார். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். எனக்குத் தெரியும், வருடா வருடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதையும் உதவி என்றுதான் நினைத்திருந்தேன். கற்றுக்கொடுக்காததை மறைக்க நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

“இந்த வருஷம் வேணாம்ணே.”

“பாவம்மா, புள்ளைங்க பயந்துருச்சுன்னா?”

“பயப்படட்டும். அவங்களே வெட்டுவாங்க.”

அவருக்கு மனசே இல்லை. ஸ்லைடுகளை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். பயம் எனக்கும் இருந்தது. எழுதி வைக்கிறேன்.

23-3, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். நீலப் புடவை, ஃபால்ஸ் இல்லாமலே.

பதினாறு பேர், பதினாறு மைக்ராஸ்கோப். தேர்வாளர் நான்கு தண்டையும் பார்த்து மூக்கிரட்டையை எடுத்தார். வேலியோரம் படர்கிற கீரைதான், ஆனால் தண்டுக்குள் இருக்கும் அமைப்பு வழக்கத்துக்கு மாறானது. செக்‌ஷன் தடித்துவிட்டால் அது தெரியவே தெரியாது. வேண்டுமென்றே எடுத்தார் என்று நினைக்கிறேன். பெரம்பலூர் பஸ் இன்று ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்து முதல் பஸ்ஸையே பிடித்தார்களாம்.

பதினொன்றரைக்குத் தேர்வாளர் ஒவ்வொரு மேசையாக வந்தார். நானும் து.த.வும் பின்னால். வாய் திறக்கக் கூடாது, விதி. ரவிச்சந்திரனுடையது சுமார், பரவாயில்லை. காதருடையது ஒரு ஓரம் தடித்திருந்தாலும் நடுவில் தெளிவு. பழனியம்மாள் மேசையில் குனிந்தவர் நிமிரவில்லை. ஸ்லைடை இப்படி அப்படி நகர்த்திப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், அவள் ரப்பர் செருப்பைப் பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார். தாளில் பென்சிலால் ஏதோ எழுதினார். குறைந்த மதிப்பெண். எட்டிப் பார்த்துவிட்டேன்.

“இத யாரு குடுத்தாங்க ஒனக்கு?”

“நான் வெட்டினது சார்.”

“ரெடிமேட் ஸ்லைடெல்லாம் நானும் பாத்திருக்கேன்மா. அட்டெண்டர் குடுத்தாரா, மேடம் குடுத்தாங்களா?”

டிராயர் சாவி என் கைக்குள் இருந்தது. டிராயரைத் திறந்து, அந்த ஸ்லைடெல்லாம் பூட்டியே கிடக்கிறது என்று காட்டிவிடலாமா என்றுகூட வந்தது. பேசினால் அவளுக்குத்தான் கெடுதல். து.த. தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கலியண்ணன் கூஜாவோடு அப்படியே நின்றுவிட்டார்.

“என் முன்னால வெட்டிக் காட்டுவியா?”

பழனியம்மாள் மிச்சத் தண்டைக் கையில் எடுத்தாள். பிளேடைத் தண்ணீரில் நனைத்தாள்.

“எத்தன சார் வேணும்?” என்றாள்.

திமிர் இல்லை, கோபம்கூட இல்லை. வேலை கொடுக்கிறவரிடம் கேட்கிற கேள்வி. அவள் பாட்டுக்கு வெட்ட ஆரம்பித்தாள். ஏழு இழுப்பு, ஏழும் மிதந்தன. ஒன்றை எடுத்து, சாயம் ஏற்றி, கழுவி, குமிழ் இல்லாமல் கவர் சிலிப்பைச் சாய்த்து இறக்கி, தானே ஃபோகஸ் செய்துவிட்டு எழுந்து நின்று ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

உட்கார்ந்து பார்த்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து அந்த எண்ணை அழித்துவிட்டு, பேனாவால் வேறொன்று எழுதினார். அதையும் பார்த்தேன். ரகசியம், எழுதக் கூடாது. ஆறு வருடத்தில் அந்த எண்ணை நான் யாருக்கும் போட்டதில்லை.

வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. பெருமை, வேறொன்றும் இல்லை. கலியண்ணன் பின்னாலேயே வந்து, “என்னம்மா ஆச்சு, பாஸா?” என்றார். தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அதற்குள் இரண்டாம் பேட்ச் மணி. வாட்ச் கிளாஸ் பதினாறும் கழுவ வேண்டும்.